ஆட்டுக்கல், எம். & குழவி, எஸ்.

ஒரகடம் ரோட்டில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்தால் அக்கா உள்ளே போனதும் உட்கார மாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சர்வரைக் கேட்பார்.

"தம்பி, போன வாரம் இங்க முருங்கப்பூ போண்டா சாப்ட்டேன். இன்னா டேஸ்ட்டு! இன்னிக்கி கீதாப்பா?"

முருங்கப்பூ போண்டா என்று ஒன்று அந்தக் கடையில் கிடையாது. எந்தக் கடையிலும் கிடையாது. அது அக்காவே பிறப்பித்த பலகாரம்.

"இப்பதாங்க்கா தீந்துச்சி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று சர்வர் சொல்லிவிட்டால் போச்சு. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். எனக்குப் பசியில் காது அடைத்திருக்கும். எதிர்ச் சாரியில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி அடுத்த கடையைத் தேட வேண்டும். மாறாக, "அப்டி ஒண்ணு நாங்க போடறதே இல்லியேக்கா, வேற கடையா இருக்கும்" என்று ஒருவன் சொல்லிவிட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டு அம்சமாக உட்காருவார். அதற்கப்புறம் அந்தக் கடையில் தோசை கருகி வந்தாலும் அவருக்குக் கோபம் வராது.

"ருசி பாத்து முடிவு பண்ண வேணாமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாஸ்டர் இன்னிக்கி இருப்பான், நாளைக்கி சம்பளம் பத்தலன்னு ஸ்ரீபெரும்புதூர் போய்டுவான். ருசியும் கூடவே போய்டும். எனக்கு இந்தப் பையன்தான முக்கியம்? இவன்தான எனக்குச் சோறு போடப் போறான்?"

அவரும் நானும் அந்த ரோட்டில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியைகள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் பண்ணி, எழுத்துப் பிழையில் தொடங்கி என் வளர்ப்பு வரைக்கும் வருவார். வகுப்பெடுத்துக்கொண்டே இரண்டு பேரும் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தோம். இருவருக்கும் ஒரே கைடு, எங்கள் துறைத் தலைவர். அவரைச் சார் என்போம்.

ஒருத்தரை நம்புவதற்கு முன்னால் ஒரு சின்னப் புளுகை அவர் முன்னால் போட்டுவிட்டு, தலையை ஆட்டுகிறாரா என்று பார்ப்பதுதான் அக்காவின் சுபாவம். ஆட்டினால் தள்ளி வைத்துவிடுவார். சண்டை போட மாட்டார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார். ஆட்டியவருக்குத் தான் தோற்றதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் படப்பைப் பக்கம் மனை பார்க்கப் போவோம். வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை. வேனில் ஏற்றிக்கொண்டு போய், பிரியாணி போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஒருமுறை டை கட்டிய ஒரு பையன் வெயிலில் வியர்த்து ஒழுக, எல்லைக்கல் எல்லைக்கல்லாகக் காட்டிக்கொண்டு வந்தான். அக்கா அவனிடம் ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"ஏம்பா, இங்க பக்கத்துல கப்பல் கட்டற கம்பெனி வருதாமே, நெசமா?"

படப்பையிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் தாம்பரம் தாண்டி, இன்னும் எங்கெங்கோ தாண்டிப் போக வேண்டும். பையன் கொஞ்சமும் அசரவில்லை.

"கரெக்டா சொன்னீங்க மேடம். கம்பெனி ஓனரே கார்னர்ல ரெண்டு மனை புடிச்சிட்டாரு."

"எந்தக் கார்னரு?"

காட்டினான். அக்கா மிகுந்த மரியாதையோடு அந்தக் கார்னரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பிரியாணி இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் வேனே குலுங்குகிற மாதிரி சிரித்தார். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாவங்க்கா. டார்கெட்டுக்காக சொல்றான்."

"நான் ஒண்ணும் திட்டலியே. கேட்டேன், தலைய ஆட்டுனான், தள்ளி வச்சிட்டேன்."

அவர் வீட்டுக்காரரையும் இப்படித்தான் பிடித்தாராம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கம்பெனி, லைன், ஷிஃப்ட் என்று பேசிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டு வந்த அக்கா எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "உங்க லைன்ல அந்த ரிவர்ஸ் ஸ்பானர் வந்துடுச்சுங்களா?" அப்படி ஒரு ஸ்பானர் உலகத்தில் இல்லை. மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "அப்டின்னா இன்னாங்க? எனக்குத் தெரியாதே" என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா தொடையில் கிள்ளி, "தெரியும்னு சொல்லுடா" என்று பல்லைக் கடித்தது கூடத்துக்கே கேட்டதாம். அவர் மறுபடியும், "இல்லம்மா, நெசமாவே தெரியாது" என்றாராம்.

"அந்த எடத்துலயே கழுத்த நீட்டிட்டேன்" என்பார் அக்கா.

என்னையும் சோதித்திருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "காலேஜுக்குப் பின்னாடி மயில் பண்ணை கீதே, பாத்தியா?" என்று கேட்டார். எனக்கு மயில் என்றால் உயிர். "எங்கக்கா? எனக்குத் தெரியாதே. வாங்க, இப்பவே போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உடனே தன் மேஜையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். "ஆமாக்கா, பாத்தேன்னு சொல்லியிருந்தா?" என்று பிற்பாடு கேட்டபோது, "அந்தக் கடைசி மேஜையில உக்காந்திருப்ப. நல்ல காத்து வரும் அங்க" என்றார். சிரிப்பு வந்தது. நேற்று அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேனா என்று அடுத்த நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவரிடம் போய்ச் சார் அந்த வேலையைக் கொடுத்தார்.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எதை எங்கே படித்தோம் என்று கடைசியில் ஒன்று விடாமல் போட வேண்டும். ஆசிரியர் பெயர், தலைப்பு, வருஷம், பக்கம். அதைக் கையால் செய்தால் ஒரு கமா இடம் மாறினதற்குக் கூடத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கென்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. படித்த கட்டுரைகளை அதில் சேர்த்து வைத்தால், எழுதும்போது ஒரு பட்டனைத் தட்டினால் போதும், ரெஃபரன்ஸ் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். துறையில் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். சிலர் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து ஆளின் தீசிஸிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார்கள். "எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வாங்கிடலாம். எதுன்னு நீங்க பார்த்து ரிப்போர்ட் குடுங்க" என்று சார் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மூன்றை எடுத்துக்கொண்டார். பெயர்களும் வைத்தார். காசு அதிகம் பிடிக்கிறதும், திறந்ததுமே பளபளவென்று ஆடுவதுமான ஒன்றுக்கு 'கோட்டு சூட்டு'. எதைக் கேட்டாலும் எதையாவது நீட்டும் இன்னொன்றுக்கு 'வழவழா'. சும்மா கிடைக்கிற, பார்ப்பதற்குப் பழைய பாத்திரக்கடை மாதிரி இருந்த மூன்றாவதற்குச் 'சிடுமூஞ்சி'.

முதலில் எங்கள் பெயர்களையே போட்டுப் பார்த்தார். அங்கேதான் எங்கள் அப்பாக்களின் விஷயம் வெளியே வந்தது. இந்த சாஃப்ட்வேர்கள் பெயரின் கடைசிப் பகுதியைத் தூக்கி முன்னால் போட்டு, முதல் பகுதியை இனிஷியலாகச் சுருக்கிவிடும். நமக்குக் கடைசியில் இருப்பது அப்பா பெயர். வெல்டிங் பற்றி அக்கா எழுதிய கட்டுரைகள் எல்லாம் ஊர் உலகத்தில் அவர் அப்பாவின் பெயரில் வலம் வந்துகொண்டிருந்தன.

"மண்ணூர்ல சைக்கிள் கடை வச்சிக்கினு இருந்த மனுஷன். பஞ்சர் ஒட்டறதத் தவிர ஒண்ணும் தெரியாது. இன்னிக்கி வெல்டிங் சயின்டிஸ்ட் ஆய்ட்டாரு பாரு" என்று திரையைத் தட்டிக் காட்டினார். மூன்றுமே அப்பாவைத்தான் முன்னால் போட்டன. சிடுமூஞ்சியில் மட்டும் திருத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது.

அப்புறம்தான் தன்னுடைய சொந்தச் சோதனைக்கு வந்தார். சோதனைக்காக எல்லோரிடமும் திரட்டியிருந்த எங்கள் துறையின் பொதுத் தொகுப்பில் ஒரு கட்டுரையைக் கையால் தட்டிச் சேர்த்தார். தலைப்பு: 'புளித்த மாவின் ஆவியால் ஸ்பாட் வெல்டிங்கில் உண்டாகும் துரு.' எல்லாம் இங்கிலீஷில்தான். ஆசிரியர்கள் இரண்டு பேர். நான் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தேன்.

"ஆட்டுக்கல், எம். அண்டு… குழவி, எஸ்.?"

"சத்தம் போடாத" என்று என் முழங்கையில் இடித்தார்.

இங்கிலீஷ் எழுத்தில் ஒரு 'டி'யைக் குறைத்து, குழவிக்கு ஒற்றை 'எல்' போட்டு எழுதியிருந்தார். தமிழ் என்று தெரியாமல் பார்த்தால் பனி கொட்டும் ஏதோ ஊரிலிருந்து வந்த இரண்டு பெரிய மனிதர்கள் மாதிரி இருந்தது.

இந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்துத் தா என்று மூன்றையும் கேட்டார். வழவழா எங்கோ ரொட்டி மாவைப் பற்றி யாரோ எழுதிய ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் அது என்று ஒட்டிவிட்டது. கோட்டு சூட்டில் புதிதாக ஒரு ஏஐ உதவியாளர் வேறு இருந்தது. அது இல்லாத கட்டுரைக்கு அழகான சுருக்கமே எழுதிக் கொடுத்தது. ஆசிரியர்கள் மிகக் கவனமான பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். புளிப்பு ஆவி வெல்டிங் புள்ளிகளில் துருவை வேகப்படுத்துகிறது. எனவே உணவு தயாரிக்கும் இடத்தை வெல்டிங் கூடத்திலிருந்து தள்ளி வைப்பது நல்லது. இப்படிப் போனது. நான் நாற்காலியிலிருந்து விழாத குறை.

சிடுமூஞ்சி ஒரே வரியில் சொன்னது: எதுவும் கிடைக்கவில்லை.

"இதான் நம்ம ஆளு. எங்க வூட்டுக்காரரு மாதிரியே கீது" என்றார் அக்கா.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினார். இல்லாத கட்டுரை ஒன்றைத் தானே உண்டாக்கிக் கேட்டதையும், மூன்றும் என்ன சொல்லின என்பதையும், ஆகவே மூன்றாவதையே வைத்துக்கொள்ளலாம் என்பதையும். சார் வாங்கி, கடைசிப் பக்கத்தில் 'நல்ல பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கோட்டு சூட்டை வாங்கினார். திறக்கும்போது கல்லூரி முத்திரை சுழன்றபடி வருகிற மாதிரி செய்து தருகிறேன் என்று விற்பனை ஆள் சொல்லியிருந்தானாம். பொதுத் தொகுப்பு மொத்தமும் அதற்குள் போனது. ஆட்டுக்கல்லும் குழவியும் சேர்ந்து போனார்கள்.

"அத அழிச்சிடலாம்க்கா" என்றேன்.

"இருக்கட்டும். எவன் தலையாட்டறான்னு பாப்போம்."

அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கம்பெனிகளின் குவாலிட்டி ஆட்களைக் கூப்பிட்டுக் கல்லூரியில் ஒருநாள் பயிலரங்கு வைத்தார்கள். சார்தான் முதல் பேச்சு. நானும் அக்காவும் கடைசி வரிசை. துருவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"இதில் ஃபின்லாந்தைச் சேர்ந்த அடுக்கல், குலாவி என்ற இரண்டு ஆய்வாளர்களின் பணி மிக முக்கியமானது."

அக்கா என் தொடையைக் கிள்ளிய கிள்ளலில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சுருக்கத்தில் இருந்த அத்தனையையும் சார் திரையில் போட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். கார் கதவுக்குத் தகடு அடித்து வெல்டிங் செய்யும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி ஹெட்.

"ரொம்ப நல்ல பேப்பர் சார் அது. நாங்க ஏற்கெனவே படிச்சிருக்கோம். எங்க பிளான்ட்லயும் அப்ளை பண்ற ஐடியா இருக்கு."

ஹாலில் பாதிப் பேர் ஆமோதித்தார்கள். நாங்கள் இருவரும் இருமுகிற மாதிரி வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?"

"எங்க வூட்டுக்காரரு கம்பெனில கேன்டீன் மாவு ரூம மூடறாங்களாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அந்தக் குவாலிட்டி ஹெட் இருந்த கம்பெனியில்தான் அக்காவின் வீட்டுக்காரர் லைன் சூப்பர்வைசர் என்பது அப்போதுதான் உறைத்தது. கேன்டீனுக்கு இட்லி மாவு ஆட்டும் அறை வெல்டிங் கூடத்தை ஒட்டி இருக்கிறது. மண்ணூர், வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் காண்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். கொஞ்ச நாளாகக் கதவுகளில் துரு வருகிறது என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி. குவாலிட்டி ஹெட்டுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. கிடைத்துவிட்டது. மாவை இனி வெளியிலிருந்து பாக்கெட்டில் வாங்கிக்கொள்வது, மாசக் கடைசியோடு அந்தப் பெண்களை நிறுத்திவிடுவது.

"அவரு வந்து சாப்ட்டுக்கினே சொல்றாரு. ஏன் மூடறாங்கன்னு கேட்டா, 'தெரியல, ஏதோ பேப்பர்ல வந்துதாம்'னு சொல்றாரு. எனக்குச் சோறு எறங்கல."

அன்றைக்கே சாரிடம் போனார். நானும் கூட நின்றேன். எந்தச் சுற்றும் இல்லாமல், "சார், அந்தக் கட்டுரை நான் உண்டாக்குனது. ரிப்போர்ட்டுலயே எழுதியிருக்கேன்" என்றார்.

சார் நம்பவில்லை. நிஜமாகவே நம்பவில்லை. "என்னம்மா பேசறீங்க? இல்லாத பேப்பருக்கு சாஃப்ட்வேர் எப்படிம்மா சம்மரி குடுக்கும்?" என்றார். அக்கா தமிழில் அந்த இரண்டு பெயரையும் மெதுவாக உச்சரித்துக் காட்டினார். சாருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். வெளிய போனா காலேஜ் மானம் போயிடும். உங்க சினாப்சிஸ் என் டேபிள்லதான் இருக்கு, அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடறேன்." மேஜைமேல் இருந்த அந்தக் காகிதக் கட்டை அவர் தடவிக் கொடுத்த விதத்திலேயே மீதி விஷயம் புரிந்தது. அது அக்காவின் எத்தனையோ வருஷத்து பிஎச்.டி. உழைப்பின் சுருக்கம், சார் கையெழுத்து இல்லாமல் நகராது.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரை எடுத்தார். என்னை ஏறு என்றுகூடச் சொல்லவில்லை. நானாகத்தான் ஏறினேன்.

கம்பெனி வாசலில் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, பாஸ் வாங்கி, குவாலிட்டி ஹெட்டின் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த இடத்திலும் அக்கா தன் வழக்கத்தை விடவில்லை. அந்த மனிதர் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து விடலாம் என்றுதான் நினைத்திருப்பார்.

"சார், நீங்க படிச்ச அந்த பேப்பர் எங்களுக்கு ஒரு காப்பி வேணும். எங்க லைப்ரரில காணல."

"கார்ப்பரேட் ஆபீஸ்ல இருக்கு மேடம். கான்ஃபிடென்ஷியலா வச்சிருக்கோம்."

"அதுல ஏழாவது படம் ஒண்ணு வருமே, கிரைண்டரப் பக்கவாட்டுல வெட்டிக் காட்டற மாதிரி?"

"ஆமா ஆமா. நல்லா க்ளியரா இருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் அந்த முகத்தில் ஒரு மின்னல் ஓடியிருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. தலையாட்டுகிறவரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போக முடியாத இடத்தில் முதல்முறையாக அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில், பெரிய பெரிய தமிழ் எழுத்தில், இரண்டு வார்த்தை எழுதினார்.

ஆட்டுக்கல். குழவி.

குவாலிட்டி ஹெட் வாய்க்குள் படித்தார். இரண்டாம் முறை சத்தமாகப் படித்தார். பிறகு நாற்காலியில் அப்படியே சாய்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் விளையாட்டுக்குப் பண்ணது சார். ஒரு சாஃப்ட்வேர சோதிக்கறதுக்கு. அழிச்சிருக்கணும், அழிக்கல. எங்க சாரு அத எடுத்துப் பேசிட்டாரு, நீங்க படிச்சேன்னுட்டீங்க. அந்த ரூம மூடாதீங்க."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எழுந்து பலகையை அழித்துவிட்டு, "நான் படிச்சேன்னு சொன்னத மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்றார். "ரூம் இருக்கும். ஆனா அப்ப துரு எதனாலதான் வருது?"

"எனக்குத் தெரியாதுங்க. வந்து பாத்தாதான் சொல்ல முடியும்."

பிற்பாடு அதை அக்காவே போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தார். அடித்த தகடுகளை அடுக்கி வைக்கும் மூலையில் கூரை விரிசல் வழியே மழைச்சாரல் விழுந்துகொண்டிருந்தது. அது அவருடைய புது ஆராய்ச்சித் தலைப்பாகவும் ஆனது. ஏனென்றால் பழையது போய்விட்டது. கம்பெனிக்குப் போய்ச் சொன்னது தெரிந்த அன்றே சார் அந்தக் காகிதக் கட்டை அவர் கையில் கொடுத்து, "வேற கைடு பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஒரு அம்மையாரிடம் சேர்ந்து, முதலிலிருந்து தொடங்கினார். என் தீசிஸ் அவருக்கு முன்னால் முடிந்தது. என் வைவா வாய்மொழித் தேர்வுக்கு வந்து, எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டினார். சாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருக்கே மிக்சர் தட்டையும் நீட்டினார்.

ஆனால் எனக்கு அக்காவை நினைத்தால் முன்னால் வந்து நிற்பது அன்றைக்குக் கம்பெனியை விட்டுக் கிளம்புவதற்கு முன் நடந்ததுதான்.

வேலை முடிந்துவிட்டது, போய்விடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "அந்தப் பொம்பளைங்கள நிறுத்தப் போறோம்னு சொல்லியாச்சாம். மாவுதான் காரணம்னும் சொல்லியாச்சாம். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று மாவு அறைக்கு நடந்தார்.

உள்ளே கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தலையில் வலைத்தொப்பி போட்ட பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவராகத் தெரிந்த, வெற்றிலை போட்ட ஒரு அம்மா கிரைண்டரை நிறுத்தினார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். உங்களை நிறுத்த மாட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் தான் செய்ததைச் சொன்னார்.

"ஏம்மா டீச்சரு, எங்க மாவால துரு புடிக்குதுன்னு கெளப்பி வுட்டது நீதானா?"

"ஆமாக்கா" என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

"எதுக்கு?"

"படிச்சதெல்லாம் எங்க படிச்சோம்னு ஞாபகம் வச்சிக்கறதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு வாங்கணும். மூணுல எது பொய் சொல்லாதுன்னு பாக்கறதுக்காக…"

"அதுக்கு எங்க மாவுதான் கெடச்சிதா?"

எல்லோரையும் கேள்வி கேட்டே பழகிய அக்கா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இங்க அஞ்சு நாளா ஒருத்தியும் தூங்கல தெரியுமா? இவ புள்ளைக்கு ஸ்கூல் தெறக்குது. அந்தா நிக்கறாளே, அவ புருஷன் கால் ஒடிஞ்சி வூட்ல கெடக்கறான். நீ இன்னாடான்னா வெளையாண்டேன்னு வந்து சொல்ற."

"தப்புதாங்க்கா."

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பக்கத்தில் இருந்த குண்டானிலிருந்து ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னியை எடுத்து, அக்காவின் உள்ளங்கையில் விட்டார்.

"சரி வுடு. மத்தியானத்து டிபனுக்கு அரைச்சது. உப்பு சரியா கீதா, பாத்துச் சொல்லு."

அக்கா நன்றியோடு, அவசர அவசரமாக நக்கினார்.

"கரெக்டா கீதுக்கா. சூப்பரா கீது" என்று தலையைப் பலமாக ஆட்டினார்.

"உப்பே இன்னும் போடல" என்றார் அந்த அம்மா.

ஒருத்தி களுக்கென்றாள். அடுத்து எல்லோரும். கிரைண்டர் மேல் சாய்ந்துகொண்டு, ஒருத்தர் தோளை ஒருத்தர் அடித்துக்கொண்டு, அந்த அஞ்சு நாளையும் சேர்த்துச் சிரித்தார்கள். அக்கா கையில் சட்னியோடு நடுவில் நின்றார். முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், உப்பு ஜாடியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்து, குண்டானைக் காட்டினார்.

"போடு. நீயே போட்டு, நீயே பாரு."